வைப்பருக்குப் பின்னால் ஒரு முகம்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதுகுவலி குறைந்ததா? உன் வீட்டுக்காரி மாத்திரையை நேரத்துக்குத் தருகிறாளா, இல்லை நீதான் விழுங்காமல் ஏமாற்றுகிறாயா? எனக்குக் காலும் காதும் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. போனில் நீ பேசினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரிதான் கேட்கிறது. அதனால்தான் கடிதம். போன தடவை என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தபால்காரர், "டீச்சரா இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று நானாகப் போய்ச் சொல்வானேன்? சிரித்து வைத்தேன்.

விஷயம் உன் மாமாவின் கண். நடுவில் ஒரு கறை விழுந்திருக்கிறது. ஓரமெல்லாம் தெரிகிறது, நேராகப் பார்ப்பதுதான் மங்குகிறது. ஊசி போட்டும் நிற்கவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முழு இருட்டு ஆகாதும்மா. ஆனா வருஷக் கடைசிக்குள்ள படிக்கிறது, முகம் பாக்கறது எல்லாம் போயிடும்" என்றார். அவரிடமும் சொல்லிவிட்டேன். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷனை, எதிரே என்ன வருகிறது என்று சொல்லாமல் உட்கார வைக்க மனசு வரவில்லை. "அப்ப அந்தப் படத்தை ஒரு தடவை தெளிவாப் பாத்துடணும்" என்றார்.

எந்தப் படம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் பாலத்தின் மேல் பஸ் வரும், கதாநாயகி கூடவே ஓடி வருவாள், அதுதான். இவர் வேலை பார்த்த பஸ் கம்பெனி அந்த பஸ்ஸை இரண்டு நாள் ஷூட்டிங்குக்கு அனுப்பியபோது ஓட்டிப் போனவர் இவர். வைப்பர் விலகும்போது டிரைவர் முகம் ஒரு நொடி வந்து போகும். கேமராவைப் பார்க்காதே என்று அவர்கள் கத்தியும் பார்த்துவிட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறார். தியேட்டரில் பார்த்தோம், டேப்பில் பார்த்தோம், சிடியில் பார்த்தோம். கரி பூசினாற்போல ஒரு உருவம், அவ்வளவுதான். நீ வேறு வந்த இடத்திலெல்லாம் "மாமா, அது நீங்க இல்ல, வைப்பர்" என்று அவரை ஓட்டித் தீர்த்தாய். "அது நீங்கதான்னு தெரிஞ்சா என் மீசையை எடுத்துடறேன்" என்று நாலு பேர் முன்னால் பந்தயம் கட்டியதும் நீதான்.

இப்போது மயிரிழைகூடத் தெரிகிற மாதிரி காட்டும் புது பிளேயர் வந்திருக்கிறதாமே. பிள்ளை வாங்கிய பெரிய டிவி வீட்டில் இருக்கிறது. பிளேயரில்தான் இரண்டு கட்சி என்கிறார்கள். நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி. ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாதாம். நீ டிஸ்க் ஃபேக்டரியில் இருக்கிறவன். எதை வாங்கட்டும், சொல்.

பேத்தி இந்த வருஷமும் வகுப்பில் முதல். இதை எழுதாமல் உறையை ஒட்ட எனக்குக் கை வராது.

உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு அப்படியே இருக்கிறது, மாத்திரையை விழுங்குகிறேன், சத்தியம். பேத்திக்கு என் முத்தம்.

மாமா கண் விஷயத்தை இரண்டு தரம் படித்தேன்.

பிளேயரைப் பற்றிக் கேட்டாய். நீலம் ப்ளூ-ரே, சிவப்பு ஹெச்.டி. டிவிடி. படக் கம்பெனிகள் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். யார் ஜெயிப்பார்கள் என்று எவனுக்கும் தெரியாது. தோற்கிறவன் பெட்டி கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும். எங்கள் ஃபேக்டரி சிவப்பு. அதனால் என்னிடம் கேட்பது, பெண்ணைப் பெற்றவனிடம் பெண் எப்படி என்று கேட்பது மாதிரி. வேறு யாராவது கேட்டிருந்தால் காத்திருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் கேள், அக்கா. அந்த மழைப் படத்தைப் பழைய ஃபிலிமிலிருந்து சுத்தம் பண்ணி எடுக்கிறார்கள். செப்டம்பரில் வருகிறது. சிவப்பில் மட்டும்! மெஷினிலிருந்து வரும் முதல் டிஸ்க் என் மேஜைக்குத்தான் வரும். இருட்டறையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்து, எங்கேயாவது புள்ளி விழுகிறதா, கோடு ஓடுகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பார்த்து முடித்ததும் டிஸ்க்கின் மேலேயே தேதி போட்டுக் கையெழுத்து வைப்பேன். உலகத்திலேயே முதலில் மாமாவைத் தெளிவாகப் பார்க்கப் போகிறவன் நான்.

அது மாமாவா, வைப்பரா? பிளேடு வாங்கி வைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்.

தம்பி


ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம், கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. உன் கடிதத்தை அவரே படித்தார். பேப்பரை ஜன்னல் பக்கம் பிடித்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒவ்வொரு வரியாக. பிளேடு வரி வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

எல்லோருமாகக் கடைக்குப் போனோம். இரண்டு டிவியை அக்கம்பக்கமாக வைத்து ஒன்றில் நீலமும் ஒன்றில் சிவப்பும் ஓட விட்டிருந்தார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி பறவை, ஒரே மாதிரி தண்ணீர். "எதுங்க நல்லது?" என்று கேட்டால் கடைக்காரர், "ரெண்டுமே நல்லதும்மா, எது நிலைக்கும்னுதான் தெரியாது" என்றார். பிள்ளைக்கு நீலத்தின் மேல் ஆசை. ஆபீசில் எல்லோரும் நீலம் என்கிறார்களாம். மருமகளைத்தான் உனக்குத் தெரியுமே. "ஏன் அத்தை, ஒரு நொடி முகத்துக்கு ஒரு மெஷினா? ஸ்டுடியோவுல போய் மாமாவை ஒரு போட்டோ எடுத்து மாட்டினா ஆயுசுக்கும் தெரியுமே" என்றாள். கடை என்றும் பார்க்காமல் நான் முறைத்தேன்.

அவர்தான் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பஸ்ஸும் ஒரே ஊருக்குத்தான் போவுது. நம்ம ஆள் எதுல ஏறியிருக்கான்னு பாத்து ஏறணும். என் படமும் சிவப்புல, என் மாப்பிள்ளையும் சிவப்புல. அப்புறம் என்ன?"

அடுத்த மாசம் வாங்குகிறோம். அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. தையல்காரர், மருந்துக்கடைக்காரர், எல்லோருக்கும் செப்டம்பரில் நம் வீட்டில் சினிமா. இவரோடு வண்டியில் இருந்த கண்டக்டர் விசில் அண்ணன் ஒருவர்தான் வம்பு பண்ணுகிறார். அவர் பிள்ளை நீலப் பெட்டி வாங்கியிருக்கிறானாம். "உன் மூஞ்சி நம்ம வீட்டுப் பெட்டியிலயும் வரட்டும், அப்ப ஒத்துக்கறேன்" என்கிறார்.

வெயிலில் அலையாதே. குழந்தைகளுக்கு என் ஆசி.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நலம். எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

பிளேயரை இப்போது வாங்க வேண்டாம் என்று தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். நிலைமை எப்படிப் போகும் என்று சொல்ல முடியவில்லை.

மாமாவுக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது? டிவியில் முகம் தெரிகிறதா? எழுது.

தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

உன் முதுகைப் பற்றி நீ எழுதவில்லை, அதனால் நான் கேட்கவும் இல்லை.

நல்ல நேரம் பார்த்துச் சொன்னாய். பெட்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கூடவே இலவசமாக அஞ்சு படம் கொடுத்தான். அஞ்சிலும் கார் வெடிக்கிறது. பேத்திதான் ஒயரை எல்லாம் மாட்டினாள். புத்தகம்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு மூளை.

காத்திரு என்று நீ எழுதினதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. காத்திருக்கிற நேரத்தில் ஒன்றும் கைவிட்டுப் போகாது என்றால் காத்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு வாரமும் கறை பெரிதாகிறது. போன மாசம் வரை டிவியில் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. இப்போது முகத்தை விட்டுவிட்டுக் காதைப் பார்க்கிறார். காதைப் பார்த்தால் மூக்கு கொஞ்சம் தெரியுமாம். இன்னும் தெரிகிறது, தம்பி. இப்போது கொடுத்தால் பார்ப்பார்.

படம் உன் மேஜைக்கு வந்ததா? ஆகஸ்டிலேயே வந்திருக்க வேண்டுமே. நீ பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. மாமா தினமும் கேட்கிறார். "பிளேடைப் பாத்து பயந்துட்டான்" என்கிறார்.

உடனே பதில் போடு.

அக்கா


நவம்பர் 4

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து, இரண்டு நாள் அதிலேயே போயிற்று.

படம் செப்டம்பரில் கடைக்கு வரவில்லை என்பதை நீயே பார்த்திருப்பாய். தள்ளி வைத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று படக் கம்பெனியே பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் கையில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் காத்திரு, அக்கா.

மாமாவுக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது?

தம்பி


டிசம்பர் 2

தம்பிக்கு,

உன் வீட்டுக் குழாய் சரியாகிவிட்டதா? சந்தோஷம்.

கேட்டாயே, எவ்வளவு தெரிகிறது என்று. அவர் தூங்கும்போது இதை எழுதுகிறேன். நேற்று மருமகள் என் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். "ஏண்டி, கால் வலியோட நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டிருக்கிறார். அவள் ஒன்றும் சொல்லாமல், என்னை மாதிரியே காலை இழுத்து நடந்து உள்ளே வந்து, சமையலறையில் நின்று அழுதாள். அந்த வாய்க்காரி அழுது நான் பார்த்ததில்லை.

இனி உன் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். நான் எழுதுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். நடுவில் ஒரு வரி விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறார், காது அவ்வளவு கூர்மையாகிவிட்டது. என் காதையும் அவர் கண்ணையும் கூட்டிக் கழித்தால் ஒரு முழு ஆள் வரும். அதனால் பார்த்து எழுது.

நான் யாரிடமும் எதற்கும் கை நீட்டினதில்லை, உனக்குத் தெரியும். இப்போது கேட்கிறேன். உங்கள் ஃபேக்டரியில் ஒரு டிஸ்க்காவது இருக்குமே. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. அனுப்பு.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

இதை மாமாவுக்குச் சத்தமாகப் படி.

மாமா, நலமா? செய்தி கேட்டிருப்பீர்கள். நம்ம படத்தை வைத்திருக்கும் கம்பெனி ஒரே அறிவிப்பில் நீலத்துக்குத் தாவிவிட்டது. அவர்கள் போனால் மற்றவர்களும் போவார்கள். எங்கள் மெஷினை இந்த மாசத்தோடு நிறுத்துகிறார்கள். கடைக்குப் போகாத டிஸ்க்கையெல்லாம் அரைத்துத் தூளாக்குகிறார்கள். உங்கள் படத்தில் ஒன்றை மட்டும் நான் பையில் போட்டுக்கொண்டேன். இதோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் சிவப்புப் பெட்டியில் ஓடும்.

என் வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வேறு கிடைக்கும்.

பந்தயம் பந்தயம்தான். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை ஒத்துக்கொள்கிறேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இதை எழுதும்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்கிறார். அதனால் கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோம். தையல்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "முதல்ல நாம பாத்துடலாம்" என்றார். பிள்ளை திரைச்சீலையை இழுத்துவிட்டான். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

என்ன தெளிவு, தம்பி! பாலத்துக் கம்பியில் மழை சொட்டுவது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கதாநாயகியின் செருப்பு வார் அறுந்திருக்கிறது, இத்தனை வருஷம் யாருக்குத் தெரியும்? பஸ் வந்தது. வைப்பர் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் விலகியது. பிள்ளை அங்கேயே நிறுத்தினான். கண்ணாடிக்குப் பின்னால் முகம் அச்சடித்த மாதிரி நின்றது.

எல்லோரும் டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தோம்.

"என்ன? வந்துடுச்சா?" என்றார்.

பேத்தி வாயைத் திறந்தாள். மருமகள் முந்திக்கொண்டு, "ஏன் மாமா, அந்த வயசுல இவ்ளோ ஒல்லியா இருந்தீங்க? அத்தை அப்பல்லாம் உங்களுக்குச் சோறே போடலையா?" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேமராவைப் பாக்கறேனா?"

"முறைச்சுப் பாக்கறீங்க" என்றேன் நான்.

"சொன்னேன்ல? எத்தனை வருஷமாச் சொல்றேன்! எவனாவது கேட்டானா?"

எழுந்து டிவி பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு ஓரத்துல மழை மட்டும் தெரியுது. நல்ல மழை" என்றார். டிவியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பிள்ளையிடம், "போதும்டா, நிறுத்து" என்றார்.

உனக்கு ஒரு வரி சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன்: "மாப்ளே, பிளேடு துருப்பிடிச்சிருக்கும், புதுசு வாங்கிக்க."

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு, மாமாவுக்கும்,

தோற்றுவிட்டேன். கடிதம் வந்த அன்றே மீசையை எடுத்துவிட்டேன். இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். அக்கா, எப்படி இருக்கிறேன் என்று மாமாவுக்கு விவரமாகச் சொல். என் வீட்டுக்காரி கதவைத் திறந்துவிட்டு, "யாருங்க வேணும்?" என்றாள். சின்னவன் கிட்டவே வர மாட்டேன் என்கிறான்.

வேலை போய்விட்டது. மெஷின் அறையிலிருந்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நீலப் பெட்டிக்காரர்களிடம் கேட்டுப் போனேன். அங்கே ஏற்கனவே ஆள் நிறைய இருக்கிறதாம். மீசை இல்லாமல் நின்றால் படித்து முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பார்க்கலாம்.

மாமா, உங்களை நான் இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது வைப்பர் இல்லை, நீங்கள்தான்.

தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உனக்கு ஒரு வேலை அமைய வேண்டும் என்பதைத் தவிர இங்கே எங்களுக்கு வேறு குறை இல்லை. போட்டோவை எல்லோரும் பார்த்தோம். உரித்த வெங்காயம் மாதிரி இருக்கிறாய் என்று மருமகள் சொன்னாள். நானும் அவருக்கு எவ்வளவோ விவரித்தேன். அவருக்குப் போதவில்லை. "போட்டோவை யார் வேணா எப்படி வேணா எடுப்பான். ஆளை வரச் சொல்லு, நான் தடவிப் பாக்கணும்" என்கிறார். வேலை இல்லாத நேரம்தானே, வந்துவிட்டுப் போ. மீசை முளைப்பதற்குள் வா.

அக்கா

மேலே எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியாயிற்று. மருந்து போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். கீழே எழுதுவது உனக்கு மட்டும்.

அது அவர் இல்லை. யாரோ சப்பை மூக்குக்காரன். கேமரா பக்கம் திரும்பக்கூட இல்லை, ரோட்டையே பார்த்து ஓட்டுகிறான். இவர் இரண்டு நாள் ஓட்டியதும் பொய் இல்லை, கேமராவைப் பார்த்ததும் பொய் இல்லை. பார்த்ததால்தான் இவரை விட்டுவிட்டு வேறு ஆளை வைத்துத் திரும்ப எடுத்தார்களோ என்னவோ. டிரைவரிடம் வந்து அதையெல்லாம் யார் சொல்வார்கள்? அன்றைக்கு டிவியில் கை வைத்தார் என்று எழுதினேன் அல்லவா, அவர் கை இருந்தது ஹெட்லைட்டின் மேல். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

டிஸ்க்கைத் துடைத்து உள்ளே வைக்கும்போதுதான் கவனித்தேன். மேலே உன் கையெழுத்து, கீழே ஆகஸ்ட் 16. உன் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். மாமாவுக்கு எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்று கேட்டிருந்தாய். பாசம் என்று நினைத்தேன். பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போதே அனுப்பியிருந்தால் அவர் தன் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் பார்த்தது அந்தச் சப்பை மூக்குக்காரனாக இருந்திருக்கும். உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நல்லது செய்தாய் என்று எழுதப் பார்த்தேன், அதற்கும் ஓடவில்லை.

நான் தடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. இனி எல்லாப் படமும் நீலப் பெட்டியில்தானாம், இதுவும் வருகிறதாம். விசில் அண்ணன் வாரா வாரம் கேட்கிறார். தையல்காரர் நீலப் பெட்டி வாங்கிவிட்டார், மருந்துக்கடைக்காரர் வாங்கப் போகிறார். எல்லோரையும் பார்க்கச் சொல்லிவிட்டு இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நம் வீட்டு நாலு வாயை மருமகள் அடைத்தாள். தெருவில் எத்தனை வாயை நான் போய் அடைப்பேன்?

நேற்று பெட்டி வாங்கின கடைக்கே போய், படம் எப்போது வரும் என்று கேட்டேன். எனக்கு ரொம்ப ஆசை என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, "கண்டிப்பா வந்துடும்மா, இன்னும் கொஞ்சம் காத்திருங்க" என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.